கடுகு உயரத்தில் ஒரு ரெயிலிங்: குட்டிப் போர்க்கப்பலில் பித்தளைத் தகடு என்ன வேலை செய்கிறது?

போன வருடம் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சி. நான் கட்டிய மாதிரிக் கப்பல் ஒன்றைக் கொண்டுபோய் ஒரு மேசையில் வைத்திருந்தேன். ஜப்பானின் யமாத்தோ போர்க்கப்பல். நிஜத்தில் 263 மீட்டர் நீளம். மேசையில் முப்பத்தேழரை சென்டிமீட்டர், ஒரு முழம்கூட வராது. குளச்சல்காரர்கள் கப்பலைக் கண்டால் சும்மா கடந்து போகிறவர்கள் இல்லை. 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்த கடற்கரை அது. வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். கப்பலைச் சுற்றி ஓடும் ரெயிலிங்கில் எல்லோர் கண்ணும் நின்றது. ஆளுக்கொரு விளக்கமும் வந்தது.

"லேசர்ல வெட்டினது மாமா, யூடியூப்ல பாத்திருக்கேன்" என்றான் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். கூட வந்த ஆசிரியர், "இல்லப்பா, த்ரீ டி பிரிண்ட்" என்றார். வலை பின்னிப் பழகிய பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "மக்களே, இந்தக் கம்பி அழி எல்லாம் கையாலயா பின்னுன? கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

மூன்றும் இல்லை. அந்த ரெயிலிங்கை யாரும் வெட்டவில்லை, பிரிண்ட் எடுக்கவில்லை, பின்னவும் இல்லை. ஒரு பித்தளைத் தகட்டில் வேண்டாத இடத்தையெல்லாம் கரைத்து எடுத்தபின் மிஞ்சியதுதான் அது. இந்த முறைக்கு ஃபோட்டோ எட்ச்சிங் என்று பெயர். தமிழில் ஒளி அரிப்பு என்று சொல்லலாம். மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் நடுவிலேயே இதைப் பற்றித் தவறான பேச்சு நிறைய உண்டு. "மெட்டல் போட்டா ஸ்ட்ராங்", "எவ்வளவு அதிகமா போடுறோமோ அவ்வளவு நல்லது" என்று சொல்லிச் சொல்லியே புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்திவிடுகிறோம், இல்லாவிட்டால் வீண் செலவில் இறக்கிவிடுகிறோம். இந்தத் தகடு எப்படிப் பிறக்கிறது என்று புரிந்துவிட்டால், எங்கே போட வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தானாகவே பிடிபடும்.

முதலில் அளவைப் பார்ப்போம்

மாதிரிக் கப்பல்களில் 1/700, 1/350 என்று எழுதியிருக்கும். இதுதான் அளவு விகிதம்: நிஜக் கப்பலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு. 1/700 என்றால் எழுநூறில் ஒன்று. 1971-ல் ஜப்பானின் ஷிஸுவோகா பகுதியைச் சேர்ந்த தமியா, ஹசெகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி என்ற நான்கு கம்பெனிகள் சேர்ந்து, தண்ணீருக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் கொண்ட கப்பல் வரிசை ஒன்றை இந்த விகிதத்தில் கொண்டுவந்தன. அதிலிருந்து 1/700 உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

நமக்குத் தெரிந்த பொருளில் சொல்கிறேன். நம் கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி. அதை எழுநூறில் ஒன்றாகச் சுருக்கினால் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். நம் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் நீளம் சுமார் 700 அடி. ஆகவே 1/700-ல் அது சரியாக ஒரு ஸ்கேல் நீளம். 2022-ல் கடற்படையில் சேர்ந்த, கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் 262 மீட்டருக்கு மேல் நீளம். சுருக்கினால் கிட்டத்தட்ட யமாத்தோவின் அளவே வரும்.

கப்பல் சுருங்கியது போலவே கப்பலில் இருக்கும் எல்லாமும் சுருங்க வேண்டும். அங்கேதான் சிக்கல். மேல்தளத்து ரெயிலிங் நிஜத்தில் சுமார் ஒரு மீட்டர் உயரம், மனிதன் இடுப்பளவு. 1/700-ல் அது 1.4 மில்லிமீட்டர், ஒரு கடுகின் உயரம். அந்தக் கடுகு உயரத்துக்குள் மேலே ஒரு கம்பி, நடுவில் ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இடையிடையே நிற்கும் தூண்கள். நிஜக் கம்பி இரண்டு சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், சுருங்கியபின் அது 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலைமுடியைவிட மெல்லியது.

பிளாஸ்டிக் ஏன் திணறுகிறது?

கப்பலின் உடலும் கோபுரமும் பீரங்கிகளும் பிளாஸ்டிக்தான். உருக்கிய பிளாஸ்டிக்கை இரும்பு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தி, இறுகியதும் அச்சைத் திறந்து எடுக்கிறார்கள். கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கொதிக்கும் பாகைச் சிரட்டையில் ஊற்றுகிறோம். ஆறினால் சிரட்டை வடிவத்தில் கட்டி கிடைக்கிறது. அதே பாகை ஒரு தாள் நுழையும் அளவுள்ள இடுக்கில் ஊற்றிப் பாருங்கள். பாதி தூரம் போவதற்குள் இறுகிவிடும். எப்படியோ நிரம்பினாலும் எடுக்கும்போது ஒடிந்துவிடும்.

பிளாஸ்டிக்குக்கும் அதே கதைதான். அச்சின் இடுக்கு மிகவும் குறுகினால் உருகிய பிளாஸ்டிக் கடைசிவரை ஓடாது. அதனால் சுமார் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போவது கம்பெனிகளுக்கே பெரிய சவால். 0.4 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ரெயிலிங் வார்த்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 700-ஆல் பெருக்கினால் 28 சென்டிமீட்டர். அதாவது கப்பல் ஓரத்தில் ஏறத்தாழ ஓர் அடி கனமுள்ள கம்பி! அது ரெயிலிங் இல்லை, மதில் சுவர். ஆகவே பெரும்பாலான மாதிரிக் கப்பல் பெட்டிகளில் ரெயிலிங்கே கொடுப்பதில்லை. ரேடார் என்றால் ஓட்டையே இல்லாத ஒரு பலகை வரும். கிரேன் என்றால் இடைவெளி இல்லாத ஒரு கட்டை.

இவ்வளவுதான் பிரச்சினை. பிளாஸ்டிக்கில் மெல்லிய, ஓட்டையுள்ள, தட்டையான பொருட்கள் வராது. அந்த ஒரு குறையைத் தீர்க்க வந்ததுதான் பித்தளைத் தகடு. பலத்துக்காக வந்ததில்லை.

கடலரிப்பிலிருந்து தொடங்கலாம்

அரிப்பு என்ற சொல்லை நம் கடலோரத்தில் விளக்க வேண்டியதில்லை. குளச்சல் முதல் தேங்காப்பட்டணம் வரை எந்த ஊரில் நின்றாலும் கடலரிப்பு தெரியும். கல் கொட்டி வைத்த இடத்தில் கரை நிற்கிறது. கல் இல்லாத இடத்தை அலை தின்றுகொண்டு போகிறது.

ஒளி அரிப்பின் அடிப்படையும் இதேதான். கரைக்குப் பதில் 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகடு, ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். அலைக்குப் பதில் ஃபெரிக் குளோரைடு என்ற பழுப்புக் கரைசல். கல்லுக்குப் பதில் தகட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு. பூச்சு இருக்கும் இடத்தில் பித்தளை தப்பிக்கும், இல்லாத இடத்தில் கரைந்துபோகும். இன்ஜினியரிங் படித்தவர்கள் புராஜெக்டுக்காகச் செம்புப் பலகையை இந்தக் கரைசலில் ஆட்டிச் சர்க்யூட் போர்டு செய்திருப்பார்கள். மார்க்கர் பேனாவால் கோடு போட்ட இடம் மட்டும் செம்பாக மிஞ்சும். அதே வேலைதான், நூறு மடங்கு நுணுக்கமாக.

சரி, கடுகு உயரத்து ரெயிலிங்கின் படத்தை அந்தத் தகட்டில் யார் வரைவது? பேனாவால் முடியாது, தூரிகையாலும் முடியாது. அங்கேதான் ஒளி வருகிறது.

நாகர்கோவிலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வலைச்சட்டத்தில் ஒரு மருந்தைத் தடவிக் காயவைப்பார்கள். அதன்மேல் எழுத்துகள் கறுப்பாக உள்ள ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து இறுகும். கறுப்பு எழுத்தின் நிழலில் இருந்த மருந்து இறுகாது. தண்ணீர் விட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். அந்தத் திறந்த எழுத்து வழியாகத்தான் மை இறங்குகிறது. அதற்கும் முந்தைய காலத்து அச்சகங்களில், பத்திரிகையில் போடும் பிள்ளையார் படத்துக்கு "பிளாக்" எடுக்கக் கொடுப்பார்கள். துத்தநாகத் தகட்டில் ஒளியால் படம் பதித்து, அமிலத்தால் அரித்து எடுத்ததுதான் அந்த பிளாக். நம் கப்பல் ரெயிலிங் அந்த பிளாக்கின் பேத்தி.

பித்தளைத் தகட்டில் தடவும் மருந்துக்கு ஒளியுணர் பூச்சு என்று பெயர் வைத்துக்கொள்வோம்: வெளிச்சம் பட்டால் குணம் மாறுகிற பூச்சு. ரெயிலிங்கின் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு ஃபிலிமாக எடுக்கிறார்கள். பூச்சு தடவிய தகட்டின் முன்பக்கம் ஒரு ஃபிலிம், பின்பக்கம் ஒரு ஃபிலிம், இரண்டும் மயிரிழை பிசகாமல் நேருக்கு நேராக இருக்க வேண்டும். புற ஊதாக் கதிர் காட்டுகிறார்கள். கதிர் பட்ட இடத்தில் பூச்சு இறுகுகிறது, மற்ற இடத்தில் கழுவப்படுகிறது. அப்புறம் இருபக்கமும் சூடான கரைசலைப் பீய்ச்சுகிறார்கள். முன்னாலிருந்து பாதி, பின்னாலிருந்து பாதி என்று அரித்துக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கும்போது ஓட்டை விழுகிறது. கடைசியில் மிஞ்சிய பூச்சையும் கழுவிவிட்டால், தகடு தயார்.

ஒளி வரைகிறது, கரைசல் தின்கிறது, பூச்சு காக்கிறது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் இதிலிருந்தே வரும்.

கரைசல் கீழே மட்டும் தின்பதில்லை

கல் கொட்டிய கரையில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கல்வரிசை முடியும் இடத்தில், அலை கல்லைச் சுற்றிப் பின்பக்கமாகவும் மண்ணைக் குடைந்துவிடும். தகட்டிலும் அப்படித்தான். கரைசல் கீழ்நோக்கி அரிக்கும்போதே பூச்சுக்கு அடியில் பக்கவாட்டிலும் கொஞ்சம் அரிக்கிறது.

இதனால் வரும் விளைவு முக்கியமானது. ஓட்டை தகட்டின் கனத்தைவிடக் குறுகலாக இருக்க முடியாது. கோடும் ஏறக்குறைய அந்தக் கனத்தில் வந்து நின்றுவிடும். இன்னும் மெல்லிய கோடு வேண்டுமென்றால் தகடே மெலிய வேண்டும். தகடு ரொம்ப மெலிந்தால் கை பட்டாலே சுருண்டுவிடும். எல்லாம் பார்த்துத்தான் 0.1 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கிறார்கள்.

0.1 மில்லிமீட்டரை 700-ஆல் பெருக்கினால் 7 சென்டிமீட்டர். ஆக, பித்தளை ரெயிலிங்கும் கணக்குப்படி தடிமன்தான், நிஜத்தைப் போல மூன்றரை மடங்கு. 1/350-ல் 3.5 சென்டிமீட்டர், பரவாயில்லை. "பித்தளை போட்டால் அப்படியே நிஜ அளவு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படியானால் ஏன் அது கண்ணுக்கு அவ்வளவு நிஜமாகத் தெரிகிறது? கம்பிகளுக்கு நடுவே வெளிச்சம் புகுந்து வருவதால்தான். நம் கண் கம்பியை அளப்பதில்லை, இடைவெளியைப் பார்க்கிறது. அந்தப் பெரியவர் அதை "அழி" என்று சொன்னதற்கும் காரணம் அந்த ஓட்டைகள்தான்.

பாதி அரிப்பு: தட்டையான தகடு பெட்டியாகும் வழி

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இது.

தகட்டின் இருபக்கமும் பூச்சைத் திறந்துவிட்டால் ஓட்டை விழும் என்று பார்த்தோம். ஒரு பக்கம் மட்டும் திறந்துவிட்டால்? கரைசல் பாதி ஆழம் போய் நின்றுவிடும். ஓட்டை விழாது, ஒரு பள்ளம் மட்டும் விழும். இதுதான் பாதி அரிப்பு. இந்தப் பள்ளத்தை ஒரு கோடாகப் போட்டால் அது மடிக்கும் கோடு.

ஸ்வீட் கடையில் அட்டைப் பெட்டிகள் தட்டையாக அடுக்கி வைத்திருக்கும். கடைக்காரர் ஒன்றை எடுத்து நான்கு மடக்கு மடக்குவார், பெட்டி வந்துவிடும். மடக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே அழுத்திக் கோடு போட்டிருப்பதால்தான் அவ்வளவு சுலபம். பித்தளைத் தகட்டிலும் அதே ஏற்பாடு. தட்டையாக வரும் கிரேன் கையை மூன்று கோட்டில் மடித்தால், நான்கு பக்கமும் பின்னல் கம்பியோடு ஒரு முழுக் கிரேன் எழுந்து நிற்கும்.

ஒரு விதி. பெரும்பாலும் பள்ளம் மடிப்பின் உட்புறம் வர வேண்டும். பள்ளத்தின் இரண்டு சுவர்களும் 90 டிகிரியில் ஒன்றோடொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும், மூலை சுத்தமாக நிற்கும். வெளிப்புறமாக மடித்தால் அந்தப் பாதி கனத்து உலோகம் இழுபட்டு விரிசல் விடும். கடையில் வாங்கும் தகட்டுச் செட்டோடு வரும் படத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி செய்யுங்கள்.

மடிப்பது ஒரே ஒரு தடவைதான். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிந்துபோவது சின்ன வயதிலேயே எல்லோரும் செய்து பார்த்தது. வளைக்க வளைக்க உலோகம் உள்ளுக்குள் விறைத்துக்கொண்டே போகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வடசேரியில் நகை வேலை செய்கிறார், கோயில் நகைகள். அவரிடம் கேட்டபோது, "நாலு தட்டுத் தட்டினா ஒரு தடவை தீயில காட்டணும் தம்பி, இல்லன்னா முறுக்கிக்கும்" என்றார். என் கையிலிருந்த மிச்சத் தகட்டை வாங்கி, விளக்குச் சுடரில் நிறம் மாறும்வரை காட்டி, ஆறவிட்டுக் கொடுத்தார். காய்ந்த ஓலை மாதிரி விறைப்பாக இருந்தது, குருத்தோலை மாதிரி வளைந்தது. தீயில் காட்டி இளக்குவது வளைவான பாகங்களுக்கு நல்லது. நேராக நிற்க வேண்டிய ரெயிலிங்குக்கு வேண்டாம். இளகிய ரெயிலிங் கை பட்டாலே துவண்டுவிடும்.

இதுவரை: இருபக்கமும் அரித்தால் ஓட்டை, ஒருபக்கம் அரித்தால் மடிக்கும் கோடு. தகடு எப்போதும் தட்டையாகப் பிறக்கிறது. கன வடிவம் என்பது நாம் மடித்துக் கொடுப்பது.

அதனால், எங்கே போடக் கூடாது?

தட்டையாகப் பிறப்பதுதான் அதன் எல்லையும். பீரங்கிக் குழாய் உருண்டை. தகட்டைச் சுருட்டிக் குழாய் செய்யச் சொல்லும் செட்டுகள் உண்டு. நான் ஒருபோதும் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். குழாய்க்குக் கடைசல் பித்தளை இருக்கிறது, லேத்தில் கடைந்து எடுத்தது, வழவழவென்று இருக்கும். சின்ன விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள், படகுகள், காற்றுப் போக்கிகள் போன்ற திரண்ட பொருட்களுக்கு இப்போது த்ரீ டி பிரிண்ட் ரெசின் பாகங்கள் அருமையாக வருகின்றன. அந்த ஆசிரியர் சொன்னது முழுத் தவறில்லை, இடம்தான் மாறிவிட்டது.

ரெயிலிங், ஏணி, ரேடார் வலை, கிரேன், விமானம் ஏவும் பாதை, பாய்மரக் கம்பத்துப் பின்னல்: இவைதான் தகட்டின் சொந்த வீடு. ஏற்கெனவே பிளாஸ்டிக்கில் நன்றாக வந்திருக்கும் கதவையும் பெட்டியையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் தட்டைப் பித்தளையை ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இருந்த கனமும் போய், கப்பல் தாளில் செய்தது போலாகிவிடும்.

கையில் எடுத்ததும்

கடையிலிருந்து வரும் தகட்டில் பாகங்கள் தனித்தனியாக இருக்காது. ஒரு பித்தளைச் சட்டத்துக்குள், சின்னச் சின்னக் காம்புகளால் பிடித்தபடி தொங்கும். அந்தக் காம்பை வெட்டித்தான் பாகத்தை எடுக்க வேண்டும். கீழே மெத்தென்ற ரப்பர் பாயை வைத்து வெட்டினால், கத்தி அழுத்தும்போது பாகமும் அமுங்கி வளைந்துவிடும். கண்ணாடித் துண்டோ, அடுக்களை மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டோ போதும். புதிய பிளேடை வைத்துப் பாகத்தை ஒட்டி நேராக அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த டிக்கில்தான் பாகம் தெறித்துப் பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுங்கள், பறப்பது பித்தளை.

யமாத்தோவின் தூரமானி மேல் ஒரு ரேடார் உண்டு, கட்டில் கம்பி வலை போல இருக்கும். அதன் ஒரு பாதி என் சாமணத்திலிருந்து ஓர் இரவு தெறித்துப் போனது. சாமணம் என்றால் நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் இடுக்கி. என் வீட்டுத் தரை மொசைக், அதில் ஆயிரம் புள்ளிகள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தேன். வெளிச்சம் தரையை உரசிக்கொண்டு போகும்போது மொசைக் புள்ளிகள் மறைந்துவிடும், மேலே கிடக்கும் எதுவானாலும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். ஒரு அரிசி, ஒரு எறும்பு, வாசற்படி ஓரத்தில் தங்கப் புள்ளி ஒன்று. அன்றிலிருந்து பாகத்தின் மேல் செலோ டேப்பை லேசாக ஒட்டிவிட்டுத்தான் காம்பை வெட்டுகிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: சாமணத்தை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கத்தான் பொருள் நழுவும்; நழுவாத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும்.

ரெயிலிங்கை அளப்பதற்கு ஸ்கேல் உதவாது, கப்பல் ஓரம் வளைந்து போகும். ஒரு காகிதப் பட்டையைக் கப்பல் ஓரமாக வைத்துத் தூண் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டையைத் தகட்டின் பக்கத்தில் வைத்து, ஒரு தூணை ஒட்டி வெட்டுங்கள். முன்பக்க வளைவுக்கு, பழைய ரப்பர் செருப்பைக் கழுவி, அதன்மேல் ரெயிலிங்கை வைத்து ஒரு பேனாவை உருட்டினால், அழகான வளைவு கிடைக்கும். நீளமாக ஒரே துண்டாகப் போட ஆசைப்பட வேண்டாம். மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டுகளே கைக்கு அடங்கும்.

ஒட்டுவது

பிளாஸ்டிக் கிட்டுக்கு வாங்கிய பசை இங்கே வேலை செய்யாது. காரணம் எளிது. அந்தப் பசை உண்மையில் ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் பரப்பும் கரைந்து ஒன்றோடொன்று கலந்து இறுகுகின்றன. பித்தளை அதில் கரையாது. ஃபெவிக்விக் மாதிரியான சூப்பர் குளூதான் வேண்டும். அது காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரம் பட்டதும் இறுகுகிறது. நம் ஊர்க் கடற்காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? சீக்கிரமே பிடித்துவிடும். அளவுக்கு மீறி வைத்தால், அதிலிருந்து எழும் ஆவி ஈரத்தோடு சேர்ந்து சுற்றிலும் வெள்ளைப் பொடியாகப் படியும். கறுப்பும் சாம்பலுமான போர்க்கப்பலில் அந்த வெள்ளை அப்பட்டமாகத் தெரியும்.

ஆகவே குறைவாக வையுங்கள். ஒரு தையல் ஊசியின் காதை உடைத்தால் குட்டிக் கவை ஒன்று கிடைக்கும். அதில் ஒரு துளி எடுத்து ரெயிலிங்கின் இரண்டு முனைகளில் மட்டும் தொடுங்கள். கண்ணைத் தளத்தின் மட்டத்துக்கு இறக்கி, நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், நடுவில் இன்னொரு துளி. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, ரெயிலிங்கின் அடியோடு பசை தானே ஓடிவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

பாரம் தாங்கும் கம்பங்களுக்குச் சிலர் பற்றவைப்பும் செய்கிறார்கள், நகை வேலையில் பற்றாசு வைத்து ஊதுவது போல, ஈயம் வைத்து. அது உறுதிதான். தொடக்கத்தில் தேவையில்லை.

பெயிண்டும் களிம்பும்

குத்துவிளக்கை ஒரு மாதம் துடைக்காமல் விட்டால் பச்சைக் களிம்பு ஏறுவது கடலோர வீடுகளில் தெரிந்ததே. தகடும் அதே பித்தளை. கை எண்ணெயும் களிம்பும் இருந்தால் பெயிண்ட் பிடிக்காமல் உரிந்து வரும். விளக்குக்குப் போடும் புளித்தண்ணீரே போதும். நான் பெரும்பாலும் வினிகரில் சிறிது நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுக்கிறேன். தேய்த்தால் வளையும். அதன்பின் உலோகத்துக்கான பிரைமர். பிரைமர் என்பது பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிடிமானப் பூச்சு; வெறும் பித்தளை வழுக்கும், பிரைமர் அதற்கு ஒரு சொரசொரப்பைக் கொடுக்கிறது.

ரெயிலிங்கைச் சட்டத்தில் இருக்கும்போதே பெயிண்ட் அடித்துவிடுங்கள். கப்பலில் ஒட்டியபின் தூரிகையால் அடித்தால் அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகளை பெயிண்ட் அடைத்துவிடும். எந்த ஓட்டைக்காக இத்தனை பாடுபட்டோமோ, அதுவே போய்விடும். வெட்டிய முனைகளில் மட்டும் பிறகு ஒரு புள்ளி வைத்தால் போதும்.

முதல் கப்பலுக்கு

ஒரு செட்டில் நூறு பாகம் இருந்தால் நூறையும் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் கப்பலில் மடிக்கத் தேவையில்லாத ரேடாரையும் ஏணியையும் மட்டும் போடுங்கள். அப்புறம் கப்பலின் நடுப்பகுதியில், ஓரம் நேராகப் போகும் இடத்தில் இரண்டு துண்டு ரெயிலிங். அடியில் ஒரு கம்பி சேர்ந்தே வரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். தூண்கள் மட்டும் தனித்தனிக் காலாக நிற்கும் வகை கண்ணுக்கு இன்னும் அழகு, ஆனால் ஒட்டுவதற்குப் பரப்பே இருக்காது. பின்முனை வளைவும் மூலைகளும் இரண்டாவது கப்பலுக்கு இருக்கட்டும்.

ஃபெரிக் குளோரைடு வாங்கி வீட்டிலேயே தகடு அரிக்கலாமே என்று அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் கேட்டான். செய்ய முடியும். ஆனால் கரைசல் பட்ட இடமெல்லாம் பழுப்புக் கறை, தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதல், வேலை முடிந்த கரைசலில் செம்பு கரைந்து கிடக்கும். அதைச் சாக்கடையில் கொட்டினால் ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகும். வாங்கிய தகட்டை முதலில் நன்றாகப் போடக் கற்றுக்கொள் என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரு சட்டத்தை அவனிடம் கொடுத்தேன்.

பாகங்களை எடுத்தபின் மிஞ்சும் சட்டத்தை நீங்களும் தூக்கிப் போட வேண்டாம். அதில் அருமையான பித்தளைப் பட்டைகள் இருக்கின்றன. மடித்துப் பழகலாம், தீயில் காட்டி இளக்கிப் பார்க்கலாம், பிரைமர் பிடிக்கிறதா என்று சோதிக்கலாம். முனையைக் கூராக வெட்டினால் பசை தொட்டு வைக்கும் குச்சியும் அதுவே.